பழைய கம்ப்யூட்டரும் கம்பியில்லா இன்டர்நெட்டும்



காஞ்சிபுரம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று கோயில், இன்னொன்று பட்டு. எங்கள் வீட்டில் சோறு போடுவது இரண்டாவது. பிள்ளையார்பாளையத்தில் ஓட்டு வீடு, நடுக்கூடத்தில் குழித்தறி. அப்பா தறியில் உட்கார்ந்தால், கோர்வைப் புடவைக்கு மூன்றாவது நாடா தள்ள அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும். அப்பா அஞ்சாங்கிளாஸ். அம்மா அதுவும் இல்லை. எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான். அதனால் பல்பு எரியவில்லை என்றாலும், ரேஷன் கார்டில் பேர் தப்பாக இருந்தாலும், "அவன் படிச்சவன், அவனைக் கேளு" என்று என்னைத்தான் கை காட்டுவார்கள். படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற வீட்டில் படித்தவனாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களில் பலருக்குத் தெரியும்!

அப்படிப்பட்ட வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்கு வை-ஃபையும் கூடுதல் போர்ட்டுகளும் நானே பொருத்திய அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பல பேர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி மூலையில் தூசி படிந்து கிடக்கும். அதைத் தூக்கி எறியும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

தறியும் கம்ப்யூட்டரும் சொந்தக்காரர்கள்

எங்கள் கம்ப்யூட்டர் வந்தது ஒரு டிசைன் சென்டரிலிருந்து. தறிக்கு டிசைன் போட்டு, ஜக்கார்டு அட்டை அடித்துத் தருகிற இடம். அவர்கள் புது மெஷின் வாங்கியதால் பழையதை 3,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அம்மாவின் சீட்டுப் பணம் அது.

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய கருவியின் வழிவந்ததுதான் நம் தறி மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டி. அட்டையில் துளை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே தூக்கும். துளை இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். உண்டு, இல்லை. ஒன்று, பூஜ்யம். அவ்வளவுதான்! இதேபோல் துளையிட்ட அட்டைகளைக் கொண்டுதான் 1890-ல் அமெரிக்க மக்கள்தொகையை ஹெர்மன் ஹோலரித் எந்திரத்தால் எண்ணினார். அவர் ஆரம்பித்த கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து பிற்பாடு ஐ.பி.எம். என்று ஆனது. ஆக, நெசவாளி வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வருவது ஒன்றும் அதிசயமில்லை. பேரன் தாத்தா வீட்டுக்கு வருவது போலத்தான்!

முதலில் பெட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

வந்த பெட்டி கோர் 2 டியோ பிராசஸர், ஜி31 சிப்செட் மதர்போர்டு, 2 ஜிபி டி.டி.ஆர்.2 ராம், விண்டோஸ் 7. பின்பக்கம் நாலு யு.எஸ்.பி. போர்ட். அதில் இரண்டு ஆடிப்போயிருந்தன. முன்பக்கம் இருந்த இரண்டும் செத்தவை. வை-ஃபை கிடையாது. ஊரில் ஒரு கடையில் காட்டினேன். "இது வேஸ்ட்டு தம்பி, புதுசு வாங்கிடு" என்று பெட்டியைத் திறக்காமலேயே சொல்லிவிட்டார். புதுசு வாங்கக் காசு இருந்தால் நான் ஏன் பழசை வாங்குகிறேன்?

வீட்டுக்கு வந்து நானே திறந்தேன். நண்பர்களே, திறக்கும் முன் இரண்டு விஷயம். ஷட் டவுன் செய்தால் மட்டும் போதாது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்-பை ஓடிக்கொண்டே இருக்கும். வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் மிச்சம் மீதி தேங்கியதும் இறங்கிவிடும். அடுத்து, உள்ளே கை வைப்பதற்கு முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். பட்டு இழையோடு புழங்குகிறவர்களுக்கு இது புதிதல்ல. வறண்ட நாளில் பட்டு கையோடு ஒட்டிக்கொள்வது இதே மின்சாரத்தால்தான்.

உள்ளே தூசி ஒரு கைப்பிடி. அதைத் துடைத்ததும் முதல் ரகசியம் தெரிந்தது. முன்பக்க யு.எஸ்.பி. சாகவே இல்லை! அதன் வயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

போர்ட் எங்கே ஒளிந்திருக்கிறது?

யு.எஸ்.பி. பிறந்தது 1996-ல். அதற்கு முன் கீபோர்டுக்கு ஒரு வாய், மவுஸுக்கு ஒரு வாய், பிரிண்டருக்கு இன்னொரு வாய். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டிய இன்டெல் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பரோடாவில் படித்த அஜய் பட் என்பது நமக்குப் பெருமை. முதலில் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000-ல் வந்த யு.எஸ்.பி. 2.0-ல் 480 மெகாபிட். 2008-ல் வந்த 3.0-ல் 5,000 மெகாபிட்.

ஜி31 போர்டோடு வரும் சிப் எட்டு யு.எஸ்.பி. 2.0 போர்ட்டுகளைத் தாங்கும். பின்னால் நாலுதான் தெரிகிறது என்றால் மீதி நாலு எங்கே? மதர்போர்டின் ஓரத்தில் குட்டி ஊசிகளாக நிற்கின்றன. ஐந்தைந்தாக இரண்டு வரிசை. பத்து ஊசிக்கு இடம் இருக்கும், ஆனால் ஒன்பதுதான் இருக்கும். ஒரு மூலை காலி. வயரைத் தலைகீழாக மாட்டாமல் இருக்கத்தான் அந்தக் காலி இடம். இப்படி ஒரு கட்டிலிருந்து இரண்டு போர்ட் கிடைக்கும். ஒரு கட்டில் தொங்கிக்கொண்டிருந்த முன்பக்க வயரை மாட்டினேன். செலவு பூஜ்யம். இன்னொரு கட்டுக்கு, பின்பக்கம் திருகி மாட்டும் யு.எஸ்.பி. பிராக்கெட் 110 ரூபாய்க்கு, சென்னை போன நண்பன் அண்ணா சாலைக்குப் பக்கத்து ரிச்சி தெருவில் வாங்கி வந்தான். ஆக, ஒரே மாலையில் நாலு போர்ட் கூடிவிட்டது!

இங்கே ஒரு எச்சரிக்கை. சில போர்டுகளில் 1394 என்று எழுதிய இன்னொரு கட்டும் அச்சு அசலாக இப்படியே இருக்கும். அதில் 12 வோல்ட் வரும். யு.எஸ்.பி. வயரை அதில் மாட்டினால் சொருகுகிற பென் டிரைவ் புகைந்துவிடும். ஊசியை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் அச்சடித்திருக்கும் எழுத்தையும் படியுங்கள். வயர்கள் தனித்தனியாக வந்தால் சிவப்பு 5 வோல்ட், வெள்ளையும் பச்சையும் தகவல், கறுப்பு கிரவுண்ட். மாட்டியதும் முதல் சோதனைக்குப் பழைய மவுஸை சொருகுங்கள். பிராஜக்ட் இருக்கிற பென் டிரைவை வேண்டாம்!

"இவ்வளவு ஏன், 150 ரூபாய்க்கு ஹப் வாங்கினால் நாலு போர்ட் கிடைக்குமே?" என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் ஒரு யு.எஸ்.பி. 2.0 போர்ட் தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர். தனியாக அடாப்டர் இல்லாத ஹப், அதில் தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, வாய்க்கு 100 மில்லி ஆம்பியர்தான் தர வேண்டும் என்பது விதி. மவுஸ், கீபோர்டுக்கு அது தாராளம். வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டினால் 'டிக் டிக்' என்று பல்லி மாதிரி கத்தும், ஓடாது. ஒரு பானைச் சோற்றை எத்தனை இலைக்குத்தான் பங்கு போடுவது? ஹப் வாங்கினால் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு செலவில்லாத வழியும் உண்டு. பழைய போர்டில் பச்சையும் ஊதாவுமாக இரண்டு உருண்டை வாய் இருக்கும், பி.எஸ்.2 என்று பெயர். பச்சை மவுஸுக்கு, ஊதா கீபோர்டுக்கு. அந்தக் காலத்து கீபோர்டு கிடைத்தால் அதில் மாட்டுங்கள். யு.எஸ்.பி. போர்ட் மிச்சம்.

கம்பி இல்லாமல் எப்படி வரும்?

கேபிள்காரர் எங்கள் தெருவுக்கு ஃபைபர் லைன் இழுத்தபோது, நாங்களும் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் பேசி, பாதிப் பாதிச் செலவில் ஒரு கனெக்‌ஷன் போட்டோம். ரவுட்டர் அவர் வீட்டில். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் கம்ப்யூட்டர். அப்பாவுக்குச் சந்தேகம்: "கம்பியே இல்லாம எப்படிடா வரும்?"

"ரேடியோ பாட்டு எப்படிப்பா வருது? அதே மாதிரிதான்" என்றேன்.

வை-ஃபை என்பது ரேடியோதான். 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று முக்கியமாக இரண்டு அலைவரிசை. 2.4-ல் ஒரு அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அதாவது நாடாவை விடச் சின்னது. இந்த 2.4 அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005-ல் விதி கொண்டுவந்தது. அதனால்தான் யாரிடமும் அனுமதி கேட்காமல் வீட்டில் ரவுட்டர் வைக்கிறோம். 5 ஜிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும். நமக்குத் தடிச்சுவர் வீடு, நடுவில் சுவர் என்றால் 2.4 போதும்.

எந்தக் கருவி வாங்குவது? மூன்று வழி இருக்கிறது. மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வாயில் மாட்டும் கார்டு, யு.எஸ்.பி.யில் சொருகும் கட்டைவிரல் அளவு டாங்கிள்; மூன்றாவது வழியைக் கடைசியில் சொல்கிறேன். வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். எங்கள் லைன் நொடிக்கு 40 மெகாபிட். டாங்கிள் அட்டையில் 150 என்று போட்டிருக்கும். சுவர் தாண்டி அதில் பாதி வந்தாலே 75. யு.எஸ்.பி. 2.0-வின் வழி 480. மூன்றில் குறுகலானது லைன்தான். அப்புறம் 2,000 ரூபாய் கார்டு வாங்கி என்ன பயன்? வாய்க்கால் அகலத்துக்குத்தான் மடை வேண்டும். நான் 320 ரூபாய் டாங்கிள் வாங்கினேன்.

யு.எஸ்.பி. 3.0 கார்டு வாங்க நினைப்பவர்களுக்கும் இதே கணக்கு. இந்தக் காலத்துப் போர்டின் சின்ன எக்ஸ்பிரஸ் வாய் நொடிக்கு 250 மெகாபைட், அதாவது 2,000 மெகாபிட்தான் கடத்தும். 3.0-வின் 5,000 அதில் வராது. இருந்தாலும் பழைய 2.0-வை விட எவ்வளவோ மேல். அடிக்கடி பெரிய ஹார்ட் டிஸ்க் காப்பி செய்பவர்கள் வாங்கலாம், மற்றவர்களுக்கு வேண்டாம். இன்னொன்று, 3.0 வயர் ஓடும்போது அதன் இரைச்சல் 2.4 வை-ஃபையைக் கெடுக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் சொருகாதீர்கள்.

டாங்கிளைப் பெட்டியின் பின்னால் சொருகினேன். ஒரே ஒரு கோடு சிக்னல்! காரணம், இரும்புக் கேபினெட்டும் அதை ஒட்டி நின்ற இரும்பு பீரோவும். அப்பா, "பீரோவுல இருக்கிற சரிகைதான் இழுத்துக்குதோ?" என்று சிரித்தார். 60 ரூபாய்க்கு ஒன்றரை மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளைத் தறிக்கால் உயரத்தில் ஆணியில் தொங்கவிட்டேன். மூன்று கோடு வந்தது. நாலாயிரம் ரூபாய் ரவுட்டர் செய்யாததை அறுபது ரூபாய் வயர் செய்யும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த சிக்கல் டிரைவர். டாங்கிளோடு ஒரு குட்டி சி.டி. வந்தது. என் சி.டி. டிரைவ் ஓடவில்லை. நெட்டிலிருந்து இறக்கலாம் என்றால், நெட் வருவதற்குத்தானே டிரைவர்! கோழி முதலா, முட்டை முதலா கதைதான். இங்கேதான் மூன்றாவது வழி. என் பழைய ஆண்ட்ராய்டு போனில் கீழ்ப்பாதி டச் வேலை செய்யாது. ஒரு எழுத்து அடிக்க முடியாது. ஆனால் அதில் வை-ஃபை இருந்தது. அதைக் கேபிளால் கம்ப்யூட்டரில் மாட்டி, செட்டிங்கில் 'யு.எஸ்.பி. டெத்தரிங்' போட்டேன். போன் வாங்கும் வை-ஃபை அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்தது! டிரைவர் இறக்கினேன். காசில்லாதவர்கள் டாங்கிளே வாங்காமல், உடைந்த போனையே வை-ஃபை கருவியாக வைத்துக்கொள்ளலாம்.

அந்த ராத்திரி

இதெல்லாம் ஏன் இவ்வளவு அவசரமாகச் செய்தேன் என்று இப்போது சொல்கிறேன். சென்ற ஆண்டு தங்கச்சி பத்தாவது முடித்தாள். பாலிடெக்னிக்கில் சேர ஆசை. விண்ணப்பம் ஆன்லைனில். வீட்டில் இரண்டு கருத்து. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம், தறியில உட்காரட்டும்" என்று உறவுக்காரர்கள். அப்பா எதுவும் பேசவில்லை. "தேதிக்குள்ள போட முடிஞ்சா போடு" என்று மட்டும் சொன்னார். ஜாதிச் சான்றிதழ் கைக்கு வரவே நாளாகிவிட்டது. மறுநாள் கடைசி நாள்.

ராத்திரி பத்து மணி. தெருமுனை பிரவுசிங் சென்டர் மூடியாச்சு. சிக்னல் மூன்று கோடு. விண்ணப்பத் தளத்தைத் திறந்தால் சிவப்பு எச்சரிக்கை, ஒரு பக்கம் இங்கிலீஷ். வேறு தளம் திறந்தாலும் அதேதான். டாங்கிளைப் பிடுங்கி மாட்டினேன். டிரைவரைத் திரும்பப் போட்டேன். கம்ப்யூட்டரை நாலு முறை அணைத்துப் போட்டேன். தங்கச்சி பக்கத்தில் மார்க் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'படிச்சவன்' கை நடுங்கியது.

அப்பா தறியை விட்டு எழுந்து வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று திரையின் மூலையைப் பார்த்தார்.

"இன்னாடா இது, 2008ன்னு போட்டிருக்கு?"

விஷயம் அதுதான். மதர்போர்டில் எட்டணா அளவில் சி.ஆர்.2032 என்று ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்திருந்தது. பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி 2008-க்கு ஓடிவிடும். ஒவ்வொரு முறையும் ஆன் செய்யும்போது 'எஃப்1 அழுத்து' என்று கறுப்புத் திரையில் சொல்லும். நானும் படிக்காமல் அழுத்திவிட்டுப் போவேன். நெட் இல்லாதவரை தேதி தப்பாக இருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் இன்றைய பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதற்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2008-ல் இருக்கிற கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை! அதனால் 'நம்பாதே' என்று தடுத்துவிட்டது. அப்புறம் அந்தச் சிவப்புப் பக்கத்தை நிதானமாகப் படித்தால், 'உன் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று அதிலேயே எழுதியிருக்கிறது! பதட்டத்தில் நான் படிக்கவே இல்லை.

தேதியை மாற்றினேன். தளம் திறந்தது. பதினொன்றரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் தறிக்கூடத்து லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். மறுநாள் 30 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டேன்.

விண்டோஸா, லினக்ஸா?

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு பொதுவான ஆதரவு முடிந்தது. நெட்டே இல்லாத பெட்டிக்குக் கவலையில்லை. வை-ஃபை போட்டபின் கதவில்லாத வீடு மாதிரி. அதனால் ராமை 4 ஜிபி ஆக்கி (ஜி31 போர்டுக்கு அதுதான் உச்சவரம்பு), லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். இலவசம், இந்தப் பெட்டியிலும் ஓடுகிறது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல், அதாவது நம் ஊரில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளில், துவக்கிய மடிக்கணினித் திட்டத்தின் முதல் மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-ஓடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அக்கா, அண்ணன் வாங்கிய அந்த மடிக்கணினி வீட்டில் கிடந்தால் அதற்கும் இதே வைத்தியம்தான்.

லினக்ஸ் போடுபவர்கள் டாங்கிளின் பிராண்டைப் பார்க்காமல், உள்ளே இருக்கும் சிப் எது என்று பாருங்கள். சில சிப்புகளுக்கு லினக்ஸிலேயே டிரைவர் உண்டு, சிலவற்றுக்குத் தேடி அலைய வேண்டும். ரவுட்டர் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 ஆக இருக்கட்டும்.

செலவுக் கணக்கு

பிராக்கெட் 110, டாங்கிள் 320, நீட்டிப்பு வயர் 60, பேட்டரி 30. மொத்தம் 520 ரூபாய். ராம் சீனியர் அண்ணன் ஒருவர் சும்மா கொடுத்தது. 'வேஸ்ட்டு' என்று கடைக்காரர் சொன்ன பெட்டியில் இப்போது அப்பா புது டிசைன் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். அம்மா மட்டும் இன்னும் மவுஸைத் தொடமாட்டார். தொட்டால் கெட்டுவிடும் என்று பயம்.

நண்பர்களே, நான் கற்றது இரண்டு. கருவி பழசானாலும் உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று திறந்து பார்க்காமல் 'வேஸ்ட்டு' என்று சொல்லாதீர்கள். அது பெட்டிக்கும் பொருந்தும், மனுஷனுக்கும் பொருந்தும். இன்னொன்று, படித்தவன் என்றால் திரையில் இருப்பதையும் படிக்க வேண்டும்! அஞ்சாங்கிளாஸ் அப்பா படித்தார், நான் படிக்கவில்லை.

தங்கச்சி இப்போது முதலாம் ஆண்டு. இந்த மலரை வாங்கி முதலில் என் தப்பைத்தான் தேடிக்கொண்டிருப்பாள்.



— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்